போர்டை நெட்வொர்க்கில் பூட் செய்ய: என்எஃப்எஸ்ஸா, இனிட்ராம்எஃப்எஸ்ஸா, என்பிடியா?

லினக்ஸ் ஓடும் சிறு கணினிப் பலகையான போர்டுக்காக, இயங்குதளத்தின் மையமான கர்னலில் ஒரு வரியை மாற்றிவிட்டு, எஸ்டி கார்டைக் கழற்றி, கணினியில் செருகி எழுதி, மறுபடி போர்டில் மாட்டிப் பார்க்கிற வேலையை நாள் முழுக்கச் செய்கிறவர்களுக்கு கார்டே இல்லாமல் நெட்வொர்க் வழியே போர்டை எழுப்பும் நெட்வொர்க் பூட்டின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் எப்படி அமைப்பது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு வழி சொல்வார்கள். இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருப்பதுதான் காரணம். கர்னலும், போர்டின் வன்பொருளை அதற்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயும் போர்டின் ராமுக்கு எப்படி வந்து சேர்கின்றன என்பது ஒன்று. கர்னல் எழுந்தபின், புரோகிராம்களும் மற்ற ஃபைல்களும் அடங்கிய ரூட் ஃபைல்சிஸ்டம் எங்கே இருக்கும் என்பது இன்னொன்று. முதலாவது, கர்னலை ஏற்றிவிடும் பூட்லோடரின் வேலை, இரண்டாவது கர்னலின் வேலை. யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது இரண்டாவதைத்தான். தலைப்பில் உள்ள மூன்றும் அதற்கான வழிகள்.

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். போட்டியில் இருப்பவை ஃபைலை அனுப்பும் இரண்டு நெறிமுறைகள்: எளிமையான டிஎஃப்டிபியும், வெப்சர்வர்கள் பேசும் எச்டிடிபியும். நெட்வொர்க் வசதியோடு கட்டப்பட்ட யூ-பூட் என்ற பூட்லோடரில் டிஎஃப்டிபி பொதுவாக இருக்கும். சர்வர் பக்கம் டிஎன்எஸ்மாஸ்க் என்ற புரோகிராம் ஒன்றே, ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபியையும் டிஎஃப்டிபியையும் சேர்த்துக் கவனித்துக்கொள்ளும். குறை அதன் வேகம். ஒரு துண்டை அனுப்பி, வந்தது என்ற பதில் கிடைத்த பிறகே அடுத்த துண்டை அனுப்பும். 1992-இல் வந்த விதிமுறைப்படி ஒரு துண்டு 512 பைட். போய்வர 1 மில்லிசெகண்ட் ஆகிற நெட்வொர்க்கில் 20 எம்பி கர்னல் வந்து சேர 40 நொடி ஆகிவிடும். யூ-பூட்டில் துண்டின் அளவை 1468 பைட்டாக வைத்தால் ஒரு ஈதர்நெட் ஃபிரேமுக்குள் கச்சிதமாக அடங்கும், நேரமும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும். 

ஃபயர்வாலில் 69-ஆம் போர்ட்டை மட்டும் திறந்தால் போதாது என்பதையும் கவனியுங்கள். கோரிக்கை மட்டும்தான் 69-க்கு வரும். சர்வர் வேறொரு போர்ட்டிலிருந்து பதில் அனுப்பும், போர்டும் அந்தப் புதிய போர்ட்டுக்கே திருப்பி எழுதும். அது அடைபட்டிருந்தால் கன்சோலில் ஹேஷ் குறிகள் ஓட வேண்டிய இடத்தில் டி என்ற ஆங்கில எழுத்து மட்டும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும். சர்வரில் டிஎஃப்டிபிக்கான போர்ட் வரம்பைக் குறிப்பிட்டு, அந்த வரம்பைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும்.

எச்டிடிபிக்குப் புதிய யூ-பூட் வேண்டும், அதில் எச்டிடிபியில் ஃபைலை இறக்கும் டபிள்யூகெட் கட்டளையைச் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். சர்வருக்குச் சாதாரண வெப்சர்வரே போதும். என் கணக்கு எளிது: வெறும் கர்னல் என்றால் டிஎஃப்டிபி, நூற்றுக்கணக்கான எம்பி உள்ள இமேஜ் என்றால் எச்டிடிபி.

இனி ரூட் ஃபைல்சிஸ்டம். மேசையில் ஒரு போர்டை வைத்துக்கொண்டு அப்ளிகேஷன் எழுதுகிறவர் என்றால் தயங்காமல், சர்வரின் டைரக்டரியை நெட்வொர்க்கில் பகிரும் என்எஃப்எஸ்ஸுக்குப் போங்கள். சர்வரில் ஒரு டைரக்டரி, அதுவே போர்டின் ரூட். கணினியில் கம்பைல் செய்து அந்த டைரக்டரியில் இன்ஸ்டால் செய்த மறுகணம் போர்டில் ஓட்டிப் பார்க்கலாம். டிபக்கருக்கும் அதே டைரக்டரியை சிஸ்ரூட்டாக, அதாவது லைப்ரரிகளைத் தேடும் இடமாகக் காட்டினால் போதும், லைப்ரரி பதிப்பு பொருந்தவில்லை என்ற தொல்லையே வராது. இந்த வசதி மற்ற இரண்டிலும் இல்லை.

அதற்குச் சில விலைகள் உண்டு. ஈதர்நெட் டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்க வேண்டும். தனி ஃபைலாக ஏற்றப்படும் மாட்யூலாக இருந்தால், ரூட்டை மவுண்ட் செய்யாமல் மாட்யூல் கிடைக்காது, மாட்யூல் இல்லாமல் ரூட் கிடைக்காது. என்எஃப்எஸ் ரூட் வசதியையும் பூட் நேரத்திலேயே ஐபி முகவரி வாங்கும் வசதியையும் கர்னல் கட்டமைப்பில் இயக்க வேண்டும். பூட் ஆர்கியூமென்ட்டில் என்எஃப்எஸ் பதிப்பு 3, டிசிபி என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். பழைய கர்னல்கள் தாமாக யுடிபியில் பேச முயலும், இன்றைய சர்வர்கள் பல அதை ஏற்பதில்லை. சர்வரின் ஏற்றுமதி அமைப்பில், போர்டின் ரூட் பயனருடைய உரிமையைக் குறைக்காதே என்னும் நோ ரூட் ஸ்குவாஷ் இல்லாவிட்டால் பாதி சர்வீஸ்கள் எழுதும் உரிமை இல்லாமல் விழுந்துவிடும்.

என்எஃப்எஸ்ஸில் ஆளை அதிகம் திணறடிப்பது வேறொன்று. பூட் நல்லபடியாக முடியும். அப்புறம் நெட்வொர்க் மேனேஜர் எழுந்து, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஈதர்நெட்டை ஒருமுறை இறக்கி ஏற்றப் பார்க்கும். இறக்கிய நொடியே ரூட் காலுக்கடியிலிருந்து போய்விடும். ஏற்றுவதற்கான புரோகிராமும் அந்த ரூட்டில்தானே இருக்கிறது! சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன் என்ற ஒரே செய்தியோடு போர்டு உறைந்து நிற்கும். பார்ப்பவர் சர்வரைச் சந்தேகப்பட்டு அங்கே தேடுவார். அந்த இன்டர்ஃபேஸை மட்டும் நிர்வகிக்காதே என்று நெட்வொர்க் மேனேஜரின் கட்டமைப்பில் எழுதிவைப்பதுதான் தீர்வு.

நெட்வொர்க் டிரைவரையே திருத்துகிறவருக்கு என்எஃப்எஸ் சரிவராததும் இதனால்தான். அவருக்கு ஏற்றது இனிட்ராம்எஃப்எஸ். மொத்த ரூட்டும் கர்னலோடு சேர்ந்து ராமுக்கு வந்துவிடுவதால், அதன்பின் கேபிளைப் பிடுங்கினாலும் ஷெல் அப்படியே இருக்கும். தானியங்கிச் சோதனைக்கும் இதையே சொல்வேன். ஒவ்வொரு பூட்டும் அப்பழுக்கில்லாத நிலையிலிருந்து தொடங்கும். நேற்றைய சோதனை விட்டுப்போன ஃபைலால் இன்றைய சோதனை தோற்றது என்ற பேச்சுக்கே இடமில்லை. போர்டிலேயே பொருத்திய இஎம்எம்சி சேமிப்பில் முதல்முறையாக இமேஜ் எழுதவும் இதுவே வசதி.

ஆனால் சின்ன மாற்றத்துக்கும் மொத்தத்தையும் திரும்பக் கட்ட வேண்டும். ராமும் தாராளமாக வேண்டும், ஏனென்றால் சுருக்கிய வடிவமும் விரித்த வடிவமும் கொஞ்ச நேரம் சேர்ந்தே இருக்கும். ஏற்றும் முகவரிகளும் ஒன்றின்மேல் ஒன்று விழக் கூடாது. கர்னலோ டிவைஸ் ட்ரீயோ ராம்டிஸ்க்கின் (அதாவது இனிட்ராம்எஃப்எஸ் இமேஜின்) மேல் ஏறிவிட்டால் ஸ்டார்ட்டிங் கர்னல் என்ற வரிக்குப் பிறகு அமைதிதான். யூ-பூட்டின் தனித் தலைப்பு சேர்க்காத ராம்டிஸ்க் என்றால், பூட் கட்டளையில் முகவரியை அடுத்து முக்காற்புள்ளி வைத்து அதன் அளவையும் தர வேண்டும். இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

என்பிடியைப் பொறுத்தவரை, தேவை வந்தால் மட்டும் தொடுங்கள் என்பேன். அது சர்வரில் உள்ள ஒரு இமேஜ் ஃபைலை போர்டுக்கு டிஸ்க்காகக் காட்டுகிறது, அதன்மேல் போர்டே இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தை ஓட்டிக்கொள்கிறது. டைரக்டரிகளை அடுக்கி ஒன்றாகக் காட்டும் ஓவர்லேஎஃப்எஸ்ஸில், எழுதப்படும் மேலடுக்காக என்எஃப்எஸ்ஸை வைக்க முடியாது. பெரும்பாலும் ஓவர்லேஎஃப்எஸ்ஸை நம்பும் கன்டெய்னர்களை போர்டில் ஓட்டிப் பார்க்கிறவர்கள் இங்கேதான் முட்டிக்கொள்வார்கள், என்பிடியில் அந்தத் தடை இல்லை. பதிலுக்கு, போர்டில் என்பிடி கிளையன்டை எழுப்ப ஒரு குட்டி இனிட்ராம்எஃப்எஸ் எப்படியும் வேண்டும். போர்டு எழுதிக்கொண்டிருக்கும்போது அதே இமேஜைச் சர்வரிலும் மவுண்ட் செய்தால் ஃபைல்சிஸ்டம் நாசமாகிவிடும். பல போர்டுகளுக்கு ஒரே சுருக்கிய ஸ்குவாஷ்எஃப்எஸ் இமேஜைப் படிக்க மட்டும் கொடுத்து, எழுதுவதை ராமில் வைத்துக்கொள்ளும் அமைப்புக்கு மட்டும் இது மிக அழகாகப் பொருந்தும்.

எதைத் தேர்ந்தாலும் இதற்கென்று தனி நெட்வொர்க் ஸ்விட்ச் போடுங்கள். டிஎஃப்டிபியில் அடையாளச் சோதனையே கிடையாது, வழக்கமான என்எஃப்எஸ் அமைப்பு கிளையன்ட் சொல்லும் பயனர் எண்ணை அப்படியே நம்பும். பொது நெட்வொர்க்கில் இரண்டாவது டிஹெச்சிபி சர்வரைக் கிளப்புவதும் நல்லதல்ல.

தேர்வை ஒன்றோடு நிறுத்தவும் அவசியமில்லை. யூ-பூட்டின் பிஎக்ஸ்இ கட்டளை, போர்டின் நெட்வொர்க் அடையாளமான மேக் முகவரியைப் பெயராகக் கொண்ட கட்டமைப்பு ஃபைலை டிஎஃப்டிபி வழியே தேடும். அதில் என்எஃப்எஸ்ஸுக்கு ஒரு பதிவு, இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கு ஒரு பதிவு என்று எழுதிவைத்தால் சீரியல் கன்சோலில் எண்ணைத் தட்டித் தேர்ந்துகொள்ளலாம். அதற்கு மேக் முகவரி நிலையாக இருக்க வேண்டும். சில போர்டுகளில் அது எங்கும் பதிவாகியிருக்காது, யூ-பூட் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். முதல் பூட்டிலேயே ஒரு முகவரியைக் கொடுத்துச் சேமித்துவிடுங்கள்.