கரவனின் முன்யன்னலும் வன்னி வீதிக் கற்களும்: நான்கரை ஆண்டு அனுபவம்

கிளிநொச்சியில் ஒரு வெல்டிங் பட்டறையில் கட்டுவித்த 12 அடிக் கரவன் (வாகனம் இழுத்துச் செல்லும் வண்டிவீடு) ஒன்றை 2021 தை மாதம் முதல் என் தையல் தொழிலுக்குப் பயன்படுத்தி வருகிறேன். தம்பியின் பிக்கப் அதை இழுத்துச் செல்கிறது. ஒரு பக்கம் பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு வரைக்கும், மறுபக்கம் அக்கராயன், பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம் வரைக்கும் போய், ஒவ்வோர் ஊரிலும் இரண்டு மூன்று நாள்கள் தங்கி, பழுதான தையல் மிசின்களைத் திருத்திக் கொடுப்பதும் பிள்ளைகளின் சீருடைகளைத் தைப்பதுமே வேலை. இரவில் நாங்கள் படுப்பதும் அதற்குள்ளேதான்.

மிசின் மேசை முன்யன்னலை ஒட்டி இருக்கிறது. கொழும்பில் பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகங்களுக்கு நடுவில் தேடி எடுத்த, இரண்டு அக்ரிலிக் தகடுகளுக்கு நடுவில் காற்றிடைவெளி விட்ட யன்னல் அது. 1200 மில்லிமீற்றர் அகலம், 550 மில்லிமீற்றர் உயரம். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தைக்கும்போது மின்விளக்கைவிடப் பகல் வெளிச்சமே கண்ணுக்குத் துணை என்பதைத் தைப்பவர்கள் அறிவார்கள். அதனால் அந்த யன்னல் உடையாமல் இருப்பது மட்டும் எனக்குப் போதாது. அது தெளிவாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது தேவையை முதல் ஒன்றரை ஆண்டு நான் சரியாக எண்ணிப் பார்க்கவில்லை, பின்னால் வந்த இழப்புகளில் பெரும்பாலானவை அதனால் வந்தவை.

முதல் அடி, தொழில் தொடங்கிய ஆறாம் வாரத்தில் விழுந்தது. விசுவமடுவுக்கு உள்ளே, புதிதாகத் தார் ஊற்றி அரை அங்குலச் சல்லி பரவியிருந்த ஒரு வீதியில் வந்துகொண்டிருந்தோம். சத்தம் எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை. மறுநாள் காலை ஒரு சட்டைக் கழுத்துப்பட்டியைத் தைக்கக் குனிந்தபோது, வெள்ளைத் துணியின் மேல் சிலந்தியைப் போல ஒரு நிழல் அசையாமல் கிடந்தது. தட்டிவிடக் கை வைத்தேன். நிழல் என் விரலின் மேல் ஏறியது. நிமிர்ந்து பார்த்தால், யன்னலின் இடது கீழ் மூலையில் ஒரு சதக் குற்றி அளவில் வெடிப்பு. அதிலிருந்து மூன்று கால்கள் நீண்டிருந்தன. ஒவ்வொரு காலின் நுனியிலும் 3 மில்லிமீற்றர்த் துளை ஒன்றை மெதுவாக இட்டால் வெடிப்பு மேலும் ஓடாது என்று பட்டறையில் சொன்னார்கள். அப்படியே செய்தோம். இன்றுவரை அது அவ்விடத்தை விட்டு நகரவில்லை. அக்ரிலிக்கில் விழும் கீறலை மெல்லிய நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் அரத்தாள்) தேய்த்து மெருகேற்றிப் போக்கலாம். ஆழமான வெடிப்பைப் போக்க வழியில்லை, நிறுத்தத்தான் முடியும்.

அதன் பிறகு நாங்கள் செய்தது பலரும் செய்வதுதான். யன்னலின் மேல் ஒரு நுரைப்பாயை வைத்து, அதற்கு மேல் தறப்பாளை இழுத்துக் கட்டினோம். 2021 முழுவதும் அப்படியே ஓடினோம். ஒரு கல்லும் யன்னலைத் தொடவில்லை. ஆனால் அடுத்த தையில், பாடசாலைச் சீருடைகள் குவியும் காலத்தில், மேசைக்கு வரும் வெளிச்சம் குறைந்துவிட்டதை உணர்ந்தேன். யன்னல் முழுவதும் பால் தடவியது போன்ற மங்கல். உரப்பையில் அள்ளக்கூடிய அளவுக்குச் செம்புழுதி நுரைப்பாயில் ஏறியிருந்தது. கிரவல் வீதியில் கரவன் நடுங்கும்போதெல்லாம் அந்தப் பாய் யன்னலின் மேல் அரத்தாளாக உராய்ந்துகொண்டே வந்திருக்கிறது. இந்த நான்கரை ஆண்டுகளில் என் யன்னலுக்கு நேர்ந்த கேடுகளில் கல்லால் வந்தது ஒன்றே ஒன்றுதான். மிச்சமெல்லாம் கல்லைத் தடுக்கப் போட்டவற்றால் வந்தவை. யன்னலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும் எந்த மறைப்பையும், அது எவ்வளவு மென்மையாக இருந்தாலும், எங்கள் வீதிகளில் நான் இனி ஏற்கமாட்டேன்.

2022 பங்குனியில் 4 மில்லிமீற்றர் பொலிகாபனேற்றுத் தகடு (கண்ணாடி போலத் தெளிந்த, உறுதியான பிளாஸ்ரிக்) ஒன்றை வாங்கி யன்னலுக்கு முன் பூட்டினோம். ஒரு சதுர மீற்றர் 4.8 கிலோகிராம்தான், அதே தடிப்புக் கண்ணாடி 10 கிலோகிராம் வரும். சுத்தியலால் அடித்தாலும் வளைந்து நிமிரும் பொருள் அது. அந்த உறுதியை நம்பி, மற்ற இயல்புகளைக் கேட்டறியாமல் விட்டது என் பிழை. தகட்டை எட்டு போல்ட்டுகளால் இறுக்கிப் பூட்டினோம். கீறல் விழாமல் இருக்கட்டும் என்று வெளிப்பக்கம் ஒட்டியிருந்த பாதுகாப்புப் படலத்தை உரிக்காமல் விட்டோம். போல்ட்டுகளைச் சுற்றி வழிந்த பெயின்ற்றைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்தோம். அந்த ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டில் கரவன் மாதக்கணக்கில் முற்றத்து வெயிலில் நின்றது. புரட்டாதியில் பார்த்தபோது படலம் தகட்டோடு வெந்து ஒட்டிப் போயிருந்தது. எட்டுத் துளைகளில் ஐந்திலிருந்து மயிரிழை விரிசல்கள் புறப்பட்டிருந்தன. ஒரு கல்லும் படாமலே அந்தத் தகடு முடிந்தது.

துளைகள் ஏன் வெடித்தன என்பதை விளங்கிக்கொண்ட பிறகுதான் இரண்டாவது தகட்டை வாங்கினேன். பொலிகாபனேற்று வெப்பத்தில் மிகவும் நீளும் பொருள்: ஒரு மீற்றருக்கு, ஒரு பாகைக்கு, ஏறத்தாழ 0.065 மில்லிமீற்றர். என் தகட்டின் நீளம் 1.35 மீற்றர். விடியற்காலைக் குளிருக்கும் நடுப்பகல் வெயிலில் தகடு அடையும் சூட்டுக்கும் இடையில் 40 பாகை வேறுபாடு வந்தால், அது ஏறக்குறைய 3.5 மில்லிமீற்றர் நீண்டு சுருங்குகிறது. இறுக்கிய போல்ட் அதற்கு இடம் கொடுக்காது. தகடு துளையின் விளிம்பில் கிழியும். தின்னரும் பெற்றோலும் அமோனியா கலந்த கண்ணாடித் திரவமும் அந்த விரிசலைத் துரிதப்படுத்துபவை. இப்போது 6 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 10 மில்லிமீற்றர்த் துளை, இரண்டு பக்கமும் ரப்பர் வாசர், கையால் திருகி நிற்கும் அளவு இறுக்கம். சூரிய ஒளியைத் தாங்கும் பூச்சு ஒரு பக்கத்தில் மட்டுமே உள்ள தகடு அது. எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்று படலத்திலேயே அச்சிட்டிருந்தது. அதைப் பென்சிலால் விளிம்பில் குறித்துவிட்டு, பூட்டிய அன்றே படலத்தை உரித்தோம்.

ஆனால் இந்தத் தகட்டைப் பூட்டுவதற்கு முன்பே ஒரு நல்ல வார்த்தை எங்கள் காதில் விழுந்தது. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்தியிருந்தபோது, நீண்ட காலம் டிப்பர் ஓட்டிய ஓர் ஐயா கரவனைச் சுற்றி வந்து பார்த்தார். யன்னலை அவர் பார்க்கவேயில்லை, பிக்கப்பின் பின்ரயரை ஒட்டிக் குந்தியிருந்து பார்த்துவிட்டு, “பிள்ளை, கல்லு எழும்பிறது இதாலதான். எழும்பிற இடத்தில மறிக்காமல் அங்க மேல என்னத்தை மறிக்கிறியள்?” என்று கேட்டார்.

அவர் சொன்னது முழுவதும் உண்மை. எதிரே வரும் டிப்பரிலிருந்து தெறிக்கும் கல்லைப் பற்றியே நாங்கள் அஞ்சிக்கொண்டிருந்தோம். ஆனால் கரவனுக்கு முன்னால் முழு நேரமும் ஓடுவது எங்கள் பிக்கப்தான். அதன் பின்ரயர் ஒரு கல்லைக் கிளப்பி அந்தரத்தில் விடுகிறது; பின்னால் வரும் கரவன் தன் முழு வேகத்தோடும் போய் அதில் மோதுகிறது. மோதலின் வலு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், மணிக்கு 60 கிலோமீற்றரில் விழும் அடியைவிட 40 கிலோமீற்றரில் விழும் அடி பாதிக்கும் குறைவு. இதைத் தம்பிக்குக் கணக்காகக் காட்டிய நாளிலிருந்து கிரவல் வீதியிலும் புதுச் சல்லி வீதியிலும் அவன் 40ஐத் தாண்டுவதில்லை. பணம் எதுவும் கேட்காத பாதுகாப்பு இது, நான் அறிந்தவற்றுள் இதற்கே முதலிடம் கொடுப்பேன்.

கொன்வேயர் பெல்ட் ரப்பரில் வெட்டிய தடித்த மட்காட் இரண்டைப் பின்ரயர்களுக்குப் பின்னால் தொங்கவிட்டோம். ரயரைவிட இரு பக்கமும் மூன்று விரல் அகலம் கூட. நிலத்திலிருந்து 70 மில்லிமீற்றர் உயரம். இதைவிட உயர்த்தினால் கல் அடியால் தப்பி வருகிறது. தாழ்த்தினால், பின்னோக்கி எடுக்கும்போது ரயர் அதை மிதித்துப் பிடுங்கிவிடும்; பூநகரியில் ஒரு வீட்டு வாசலில் அப்படி ஒன்றை இழந்தோம். சைலன்சரின் வாய்க்கு நேரே வந்த இடது மட்காட்டின் மூலை உருகியது. அங்கே ஒரு துண்டு அலுமினியத் தகட்டை வைத்துப் பூட்டிய பிறகு தொல்லை இல்லை.

மட்காட்டைத் தாண்டி வருபவற்றுக்கு இழுவைச் சட்டத்தின் மேல் ஒரு தடுப்பு வேண்டியிருந்தது. முதலில் அங்கே ஓர் இரும்புத் தகட்டை நிமிர்த்தி நிறுத்தினோம். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வழியில், அதில் பட்ட கல் திரும்பிப் பாய்ந்து பிக்கப்பின் பின்மூடிக் கண்ணாடியை நொறுக்கிவிட்டது. சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கிய கண்ணாடி என்பதால் ஒரே கணத்தில் முழுவதும் மணிமணியாகக் கொட்டியது. கடினமான பொருளை நிமிர்த்தி வைத்தால், கல்லின் வேகத்தை அது விழுங்காமல் திருப்பியே அனுப்பும். இப்போது அந்த இடத்தில் நாற்றுமேடைக்குக் கட்டும் பச்சை நிழல்வலையை இரண்டாக மடித்து, இரும்புக் குழாய்ச் சட்டத்தில், சைக்கிள் ரியூப் பட்டிகளால் தொய்வாகக் கட்டியிருக்கிறோம். கல் அதில் பட்டதும் வலை பின்வாங்கி அதை நிலத்தில் விடுகிறது. சோளகக் காற்று ஊடாகப் போய்விடுவதால் வண்டியைத் தள்ளுவதும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை வலையை மாற்றுகிறோம். செலவு மிகச் சிறிது. ஒரு முழங்காவில் பயணத்தின் முடிவில், இழுவைச் சட்டத்தின் மேல் வலையடியில் தங்கியிருந்த சல்லியை உள்ளங்கையில் சேர்த்தேன்: பதினேழு கற்கள்.

யன்னலுக்கு முன் உள்ள தகட்டையும் அதே படிப்பினையால் சரித்துப் பூட்டினோம். மேல் விளிம்பு யன்னலிலிருந்து 40 மில்லிமீற்றர், கீழ் விளிம்பு 120 மில்லிமீற்றர் முன்னால். அதனால் படும் கல் நேராகத் திரும்பிப் பாயாமல் மேல்நோக்கி விலகிப் போகிறது. கீழ்ப்பக்கத்தையும் இரு பக்கங்களையும் அடைக்கவில்லை. புழுதி உள்ளே வரும், ஆனால் அது தங்குவதற்கு எதுவும் இல்லை. உள்ளே வந்த சூடான காற்றும் மழைநீரும் வெளியேறிவிடும். மேலே பிணைச்சல் இட்டிருப்பதால், ஊரில் நின்றதும் தகட்டைத் தூக்கி நிறுத்தினால் யன்னலுக்கு நிழல் தரும் தாழ்வாரம் ஆகிவிடுகிறது. யன்னலைத் திறந்து தைக்கலாம்; மாரித் தூறலும் உள்ளே வராது. இது நான் எதிர்பாராத நன்மை.

கழுவும் முறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அக்ரிலிக்கும் பொலிகாபனேற்றும் உலர்ந்த துணியால் துடைத்தே கெட்டுப்போகின்றன. முதலில் நிறையத் தண்ணீரை ஊற்றிப் புழுதியை ஓடவிட வேண்டும். பிறகு சிறிது பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் பழைய பருத்தித் துணியை நனைத்து, அழுத்தாமல் மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். கோடையில் தண்ணீருக்கு ஊரே தவிக்கும் இடங்களில் நான் கழுவுவதே இல்லை. புழுதியோடு விட்டுவிடுவது, ஒரு குவளைத் தண்ணீரில் தேய்ப்பதைவிட நல்லது.

இரண்டாவது தகடு 2022 மார்கழியில் பூட்டியது. இரண்டரை ஆண்டுகளில் அதன் கீழ்ப்பாதியில் சிறு குழிகள் நிறைய விழுந்திருக்கின்றன. கைவிரலால் தடவினால் அம்மைத் தழும்பு போலத் தட்டுப்படும். விளிம்புகளில் மெல்லிய மஞ்சள் ஏறத் தொடங்கியிருக்கிறது. துளைகளில் விரிசல் இல்லை. தகட்டுக்குப் பின்னால் உள்ள யன்னலில் புதிய அடி ஒன்றும் இல்லை. அந்தப் பழைய மங்கலை நீர்த்தாளாலும் மெருகாலும் மூன்று நாள் தேய்த்துப் பெரும்பகுதி போக்கினேன். நடுவில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இரண்டு தகடுகளுக்கும் சேர்த்துச் செலவானது, புதிய யன்னலுக்கு என்னிடம் கேட்ட தொகையில் நாலில் ஒன்றுக்கும் குறைவு.

மாரிக்கு முன் தகட்டை மாற்ற எண்ணியிருக்கிறேன். பழையதை எறியப் போவதில்லை: கீழ்ப்பாதியை வெட்டிவிட்டால், குழி விழாத மேற்பாதி கரவனின் கதவில் உள்ள சிறிய யன்னலுக்குச் சரியாக வரும். அளந்து குறித்து வைத்திருக்கிறேன்.