பிரிசிஷன், ஜாஸ், வயலின் பேஸ்: மூன்றையும் வைத்திருப்பவனின் ரிவியூ

மூன்று பேஸ் கித்தார்களையும் வீட்டில் தனியாக, ஒரே ஆம்பில் வாசித்துக் காட்டினால் பெரிய வித்தியாசம் தெரியாது. "எல்லாம் டும்டும்னுதானல கேக்கு, எதுக்கு மூணு?" என்று அம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது. ட்ரம்ஸ், கீபோர்டு, பாட்டு எல்லாம் சேர்ந்த பிறகுதான் எது நிற்கிறது, எது காணாமல் போகிறது என்று புரியும்.

முதலில் பிரிசிஷன். 1951-ல் ஃபெண்டர் கம்பெனி கொண்டுவந்த மாடல். பிக்கப் என்பது தந்தியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்புகிற காந்தச் சுருள். இப்போது நாம் பார்க்கிற, இரண்டு துண்டாகப் பிரிந்த பிக்கப் 1957-ல் வந்தது. நெல்லைப் பக்கம் கோயில் கொடை விழாவுக்கு வாசிக்கிறவர்களுக்கு அந்தப் பிக்கப் ஒரு வரம். மேடையைச் சுற்றி சீரியல் லைட், பின்னால் ஜெனரேட்டர், எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்டால் சவுண்ட்காரர் சிரிப்பார். அப்படிப்பட்ட இடத்திலும் ஒரு பாதி பிடிக்கிற உர்ர் இரைச்சலை மறு பாதி எதிராகப் பிடித்து அடித்துவிடுகிறது. டோன் குமிழைப் பாதிக்குக் குறைத்துவிட்டு வாசித்தால் அந்தத் தடித்த சத்தம் கிக் ட்ரம்மோடு ஒட்டிக்கொண்டு கடைசி வரிசை வரை போகும். வேறு வித்தை எதுவும் அதனிடம் இல்லை, தேவையும் இல்லை.

ஜாஸ், அதே ஃபெண்டரின் இன்னொரு மாடல், 1960-ல் வந்தது. நெக் ஒல்லி, நட் (நெக்கின் மேல்முனையில் தந்தி ஏறி நிற்கிற பட்டை) அருகே அகலம் ஒன்றரை அங்குலம்தான், விரல் ஓடுவது சுகம். இரண்டு பிக்கப், இரண்டு வால்யூம், அதனால் ஒரே பேஸில் பல சத்தம். பின் பிக்கப்பை மட்டும் வைத்தால் மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், வேகமான பாட்டில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்கும். எனக்கு மூன்றிலும் மிகப் பிடித்தது இதுதான். ஆனால் அப்படி ஒன்றை மட்டும் வைத்தால் கரண்ட் இரைச்சலும் உள்ளே வரும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், தடித்த இ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட் 49 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரத்தை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், வினாடிக்கு ஒரு தடவை ஏறி இறங்குவது தெரியும். இரண்டு வால்யூமையும் முழுசாகத் திறந்தால் இரைச்சல் அடங்கிவிடும், அப்புறம் அந்த மூக்குச் சத்தமும் போய்விடும்.

வயலின் பேஸ் என்றால் பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி கையில் எல்லாரும் பார்த்த, ஹாஃப்னர் கம்பெனியின் வயலின் வடிவம். என்னுடையது அதன் மலிவு நகல். உள்ளே வெற்று, ஸ்கேல், அதாவது தந்தி அதிர்கிற நீளம், 30 அங்குலம் (மற்ற இரண்டும் 34). ஃப்ளாட்வவுண்ட் தந்தி (தட்டைக் கம்பி சுற்றியது, வழவழப்பானது) போட்டிருக்கிறேன். மொத்தென்று விழுந்து சட்டென்று அடங்கிவிடும், அதனால் பாளையங்கோட்டைப் பக்கம் எதிரொலிக்கிற உயரக் கூரைக் கிறிஸ்தவ சபைகளில் கீர்த்தனைக்கு இதைவிட நல்லது கிடையாது, பாட்டின் வார்த்தை மேலே தெளிவாக நிற்கும். கொடை மேடைக்கு மட்டும் எடுத்துப் போகாதீர்கள், மானிட்டர் (வாசிக்கிறவர் பக்கம் திருப்பி வைக்கிற ஸ்பீக்கர்) பெரிதாக இருந்தால் ஊளையிட ஆரம்பித்துவிடும்.

ஒன்றுதான் வாங்க முடியும், கச்சேரிக்குத்தான் என்றால் பிரிசிஷன், யோசிக்கவே வேண்டாம். உவரி, திருச்செந்தூர் மாதிரிக் கடலோரத்தில் வாசித்துவிட்டு வந்தால் தந்தியைத் துடைத்துவிட்டு உறையில் போடுங்கள். உப்புக்காற்றில் ரவுண்ட்வவுண்டின் (உருண்டைக் கம்பி சுற்றிய தந்தி) பளிச்சென்ற சத்தம்தான் முதலில் போகும். வயலின் பேஸுக்குத் தந்தி வாங்கும்போது ஷார்ட் ஸ்கேல் என்று கேட்டு வாங்குங்கள்.