பரவிய மார்பகப் புற்றுநோய்: மாத்திரைகளோடு வருடக்கணக்கில் வாழ்வது

ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி உள்ள, ஹெர்2 என்ற வளர்ச்சிப் புரதம் மிகுதியாக இல்லாத மார்பகப் புற்றுநோய் எலும்புக்கோ ஈரலுக்கோ பரவியிருந்தால், இப்போது முதலில் கொடுப்பது பெரும்பாலும் கீமோ அல்ல. தினமும் ஒரு ஹார்மோன் தடுப்பு மாத்திரையும், கூடவே சிடிகே 4/6 (செல் பெருகத் தூண்டும் புரதங்கள்) தடுப்பு மருந்து ஒன்றும் கொடுப்பார்கள். மருந்து நன்றாகக் கேட்டால் இதிலேயே வருடக்கணக்கில் ஓடும். கேட்டுக்கொண்டிருக்கும் மருந்தை, தொந்தரவு தாங்காமல் பாதியில் விட நேர்வதுதான் பெரிய இழப்பு. முன்கூட்டியே கவனித்தால் அதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

இந்த வகையில் மூன்று மருந்துகள் உள்ளன. பால்போசிக்ளிப் தினம் 125 மி.கி., ரிபோசிக்ளிப் 600 மி.கி. (200 மி.கி. மாத்திரை மூன்று சேர்த்து ஒரே வேளை). இரண்டுக்கும் 21 நாள் மருந்து, 7 நாள் ஓய்வு. அபெமாசிக்ளிப் 150 மி.கி. காலையும் இரவும், ஓய்வு வாரமே கிடையாது. பலரும் தடுமாறுவது ஓய்வு வாரத்தில்தான். அந்த 7 நாளும் நிற்க வேண்டியது சிடிகே மாத்திரை மட்டுமே. ஹார்மோன் தடுப்பு மாத்திரையான லெட்ரோசோல் 2.5 மி.கி. ஒரு நாளும் நிற்கக் கூடாது. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்தால் இரண்டுமே நின்றுபோகும். தனித்தனி டப்பா, காலண்டரில் மருந்து நாளுக்கு ஒரு நிறம், ஓய்வு நாளுக்கு ஒரு நிறம் என்பது எளிதான ஏற்பாடு. மாதவிடாய் நிற்காதவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. சினைப்பையை அடக்கும் கோசெரலின் 3.6 மி.கி. ஊசி 28 நாளுக்கு ஒருமுறை. அது தள்ளிப்போனால் சினைப்பை மறுபடி வேலை செய்யத் தொடங்கும். அப்போது லெட்ரோசோலால் மட்டும் ஈஸ்ட்ரோஜனை அடக்க முடியாது.

ஒரு வேளை மறந்துவிட்டாலோ, விழுங்கியதும் வாந்தி வந்துவிட்டாலோ, ஈடுகட்ட இன்னொன்று போடக் கூடாது. அடுத்த வேளைக்கு வழக்கமான அளவு மட்டும். பால்போசிக்ளிப் கேப்ஸ்யூல் என்றால் சாப்பாட்டோடுதான். மாத்திரை வடிவமானால் எப்படியும் எடுக்கலாம். கிரேப்ஃப்ரூட் மூன்றுக்குமே ஆகாது, மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் அப்படியே. ரிஃபாம்பிசின், ஃபெனிடாயின், கார்பமசெபின் ஆகியவை எதிர்ப்பக்கம்: மருந்தை ஈரல் சீக்கிரமே உடைத்து வெளியேற்றிவிட, அளவு இறங்கிவிடும். வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து எடுப்பவர்கள் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பால்போசிக்ளிப், ரிபோசிக்ளிப் இரண்டிலும் பிளட் கவுண்ட் பார்த்ததும் பயம் வரும். நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளையணு) ஆயிரத்துக்குக் கீழே போவதும் உண்டு. ஆனால் கீமோவில் இறங்குவதும் இதுவும் ஒன்றல்ல. கீமோ எலும்பு மஜ்ஜை செல்களைக் கொல்கிறது. இந்த மருந்து அவை பெருகுவதை நிறுத்தி மட்டும் வைக்கிறது. மருந்து நின்றதும் பெருகத் தொடங்கிவிடும். ஓய்வு வாரம் இருப்பதே அதற்காகத்தான். எண்ணிக்கை இவ்வளவு இறங்கியும் காய்ச்சலோடு கூடிய தீவிரத் தொற்று குறைவாகவே வருவதும் இதனால்தான். அதற்காக அசட்டையாக இருக்க முடியாது. 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) தொட்டால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் இரண்டு சைக்கிளில் (மருந்தும் ஓய்வும் சேர்ந்த 28 நாள் ஒரு சைக்கிள்) 1-ஆம் நாளும் 15-ஆம் நாளை ஒட்டியும் கவுண்ட் பார்ப்பார்கள். அடுத்த சைக்கிளை கவுண்ட் வராமல் தாமாகவே தொடங்கக் கூடாது. கூடவே எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) மெல்ல ஏறும். பி12 குறைவு இல்லாமலேயே இந்த மருந்துகளில் சிவப்பணு பெரிதாகும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ரிபோசிக்ளிப் எடுப்பவர்கள் இதயத்தையும் கவனிக்க வேண்டும். ஈசிஜியில் க்யூடி இடைவெளியை (நீண்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்) அது நீட்டக்கூடும். தொடங்கும் முன் ஒரு ஈசிஜி, முதல் சைக்கிளின் 14-ஆம் நாளையொட்டி இன்னொன்று. சிக்கல் பெரும்பாலும் வேறு மருந்துகளோடு சேரும்போதுதான். வாந்திக்கு ஒண்டான்செட்ரான், வயிற்றுக்கு டோம்பெரிடோன், சளிக்கு அசித்ரோமைசின், பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல் எல்லாம் க்யூடியை நீட்டுபவையே. பேதியில் பொட்டாசியம் இறங்கினால் ஆபத்து இன்னும் கூடும். எனவே எந்தச் சின்ன மாத்திரையையும் கேட்காமல் வாங்கிப் போடக் கூடாது. ஈரல் பரிசோதனையும் முதல் இரண்டு சைக்கிளில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருக்கும். எஸ்ஜிபிடி (ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதி) ஏறுவது உடம்புக்குத் தெரியாமலேயே நடக்கும்.

அபெமாசிக்ளிப்பின் அடையாளம் பேதி. முதல் வாரத்திலேயே தொடங்கி முதல் மாதத்தில்தான் கடுமையாக இருக்கும், பிறகு பெரும்பாலும் தணியும். இங்கே தாமதம்தான் எதிரி. முதல் இளகிய மலத்திலேயே பேதியை நிறுத்தும் லோபெரமைட் 4 மி.கி., அதன் பிறகு ஒவ்வொரு முறைக்கும் 2 மி.கி., நாளுக்கு 16 மி.கி.க்கு மேல் வேண்டாம். நீரும் உப்பும் சேர்ந்த கரைசலைத் தொடர்ந்து குடிக்க வேண்டும். 24 மணி நேரத்தில் அடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தைச் சில நாள் நிறுத்தி, அளவைக் குறைத்துத் தருவார்கள். முதல் மாத்திரை போடும் முன்பே லோபெரமைட் வீட்டில் இருக்க வேண்டும். இதே மருந்தில் (அபெமாசிக்ளிப்) சிறுநீரக அளவுகோலான கிரியாட்டினின் சற்று ஏறும். பெரும்பாலும் சிறுநீரகம் கெட்டதால் அல்ல. கிரியாட்டினினை வெளியேற்றும் வழியை மருந்து மறிப்பதால். சந்தேகம் இருந்தால் சிறுநீரகத்துக்கான இன்னொரு ரத்தப் பரிசோதனையான சிஸ்டாட்டின் சி பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். காரணமில்லாத வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும் மூன்று மருந்திலும் நுரையீரல் அழற்சியின் அறிகுறியாகலாம். இரண்டுக்குமே உடனே போக வேண்டும்.

அளவு குறைப்பதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பால்போசிக்ளிப்பின் 125 என்பது 100 ஆகி, 75 ஆகலாம். ரிபோசிக்ளிப்பின் 600 என்பது 400 ஆகலாம். அபெமாசிக்ளிப்பின் 150 என்பது 100 ஆகலாம். அளவு குறைத்தவர்களுக்கு நோய் கட்டுப்பாடு பெரிதாகக் குறையவில்லை என்பதை முக்கியமான ஆய்வுகளின் தரவுகள் காட்டியிருக்கின்றன. ‘சொன்னால் குறைத்துவிடுவார்கள்’ என்று பயந்து மறைப்பவர்கள்தான், கடைசியில் மருந்தையே விடும் நிலைக்கு வருகிறார்கள்.

லெட்ரோசோலின் மூட்டு இறுக்கம் காலையில் அதிகம். அசையாமல் இருந்தால் கூடும். ஒழுங்கான நடையும் தசைப் பயிற்சியும் உண்மையாகவே குறைக்கின்றன. எலும்பில் நோய் இருந்தால் என்ன எடை தூக்கலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். முடி மெலிகிறதென்று பயோட்டின் (ஒரு வைட்டமின்) எடுப்பவர்கள் ரத்தம் கொடுக்கும்போது ஆய்வகத்தில் சொல்லட்டும், சில ஹார்மோன் முடிவுகளை அது பிறழச் செய்யும். ஹார்மோன் தடுப்பு ஊசியான ஃபுல்வெஸ்ட்ரன்ட்டும் எஸ்ட்ராடியோலை (ஈஸ்ட்ரோஜன் அளவு) பொய்யாக உயர்த்திக் காட்டலாம்.

ஃபுல்வெஸ்ட்ரன்ட் மொத்தம் 500 மி.கி., இரு பிட்டத்திலும் 5 மி.லி. ஒவ்வொன்று. 1, 15, 29-ஆம் நாட்களில், பிறகு மாதம் ஒருமுறை. ஆமணக்கு எண்ணெய் கலந்த கெட்டி மருந்து. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் போட்டால் வலிக்கும். அறைச் சூட்டுக்கு வந்தபின், ஒவ்வொன்றையும் ஒன்று முதல் இரண்டு நிமிடம் எடுத்து மெதுவாகப் போட வேண்டும். ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்கள் முன்பே சொல்ல வேண்டும்.

நோய் பரவிய எலும்பைக் காக்க டெனோசுமாப் ஊசி 120 மி.கி. நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அல்லது சோலெட்ரோனிக் ஆசிட் 4 மி.கி. டிரிப்பாக. இரண்டிலும் தாடை எலும்பு அழுகும் ஆபத்து உண்டு. பிடுங்க வேண்டிய பல் இருந்தால் தொடங்கும் முன்பே பிடுங்கி, ஆறவிட வேண்டும். டெனோசுமாப்பில் கால்சியம் சட்டென்று இறங்கும், உதடும் விரலும் மரத்தால் ரத்தம் பார்க்க வேண்டும். அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது. விட்ட பிறகு எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்பு உடையலாம்.

முதல் சில மாதங்களில் எலும்பு ஸ்கேனில் புள்ளிகள் கூடித் தெரிவது குணமாகும் எலும்பின் வேலையாகவும் இருக்கலாம். கட்டி மார்க்கரும் (ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய் அளவுகோல்) ஆரம்பத்தில் ஏறி இறங்குவதுண்டு. ஒரே முடிவை வைத்து மருந்து மாற்ற மாட்டார்கள். ஆனால் புதிய முதுகுவலியோடு கால் பலவீனம், சிறுநீர் அடைப்பு அல்லது கட்டுப்பாடு இழப்பு வந்தால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது, தண்டுவடம் அழுந்துகிறது என்று பொருள் கொண்டு அப்போதே போக வேண்டும்.

மருந்து ஒருநாள் கேட்காமல் போனால், அடுத்ததை எழுதும் முன் கட்டியின் இஎஸ்ஆர்1, பிஐகே3சிஏ மரபணுக்களில் வரும் மாற்றங்களுக்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். இஎஸ்ஆர்1 மாற்றம் பெரும்பாலும் லெட்ரோசோல் போன்றவற்றை எடுக்கும் காலத்திலேயே உருவாவதால், பழைய பயாப்சியில் அது இருக்காது. இருந்தால் 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எலாசெஸ்ட்ரன்ட் ஒரு வழி. பிஐகே3சிஏ மாற்றம் இருந்தால் அல்பெலிசிப் போன்றவை. ஆனால் அல்பெலிசிப் சர்க்கரையைக் கூட்டும். தொடங்கும் முன் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) பார்த்துவிட வேண்டும்.