பழைய கார்ட்டூன், புது அவதாரம்: டக்டேல்ஸா, பென் டென்னா?

இரண்டையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தபிறகு நான் டக்டேல்ஸ் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த அலசலில் அதற்குத்தான் அதிக இடம் போகப்போகிறது.

மே மாதத்து வேலூரில் காலை பத்து மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே விட முடியாது. என் மகளும், லீவுக்கு வந்திருந்த அக்கா மகனும் வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள். தினம் ஒரு மணி நேரம் டிவி, ஒரே தொடர், அதையும் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று பேச்சு. போட்டியில் நின்றவை 2016-ல் வந்த புது பென் டென்னும் 2017-ல் வந்த புது டக்டேல்ஸும். இரண்டின் பழைய வடிவங்களும் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஓடியவை. பழைய டக்டேல்ஸை ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் இந்தியில் பார்த்தேன். ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் பெரும் பணக்கார வாத்து ஸ்க்ரூஜ் காசுக் குவியலில் குதித்து நீந்துவதைத் தவறவிட்டதில்லை. பழைய பென் டென் தமிழ் பேசிக்கொண்டு வந்தபோது வீட்டில் தம்பிதான் அதற்கு அடிமை. கூட உட்கார்ந்து நானும் பார்த்தேன்.

படம், குரல், பாட்டு ஆகிய மூன்றையும் வைத்துத்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அவை பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பழைய டக்டேல்ஸில் எல்லாமே உருண்டையாக இருக்கும், புதியதில் கோடும் மூலையுமாக இருக்கிறது. முதல் நாள் கண்ணை உறுத்தும், சீக்கிரமே பழகிவிடும். ஆரம்பப் பாட்டு அதே பாட்டுதான், வேறு குரலில். புது பென் டென்னிலும் உருவங்களை எளிமையாக்கி, கொஞ்சம் குட்டிப் பிள்ளைத்தனமாக வரைந்திருக்கிறார்கள். 2018-ல் ஷீ-ரா என்ற இன்னொரு பழைய கார்ட்டூனின் புது உருவம் வெளியானபோது இணையத்தில் எத்தனை கூச்சல்! தொடர் வந்தபிறகு பார்த்தால், அந்தக் கூச்சலுக்கும் கதையின் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். ஒரு எபிசோடில் நடந்தது அடுத்த எபிசோடில் மிச்சம் இருக்கிறதா? பழைய கதையைத் திரும்பச் சொல்கிறவர், நடந்ததை நடந்ததாக வைத்துக்கொள்கிறாரா, இல்லை ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறாரா?

இந்த அளவுகோல் எனக்குக் கூத்துப் பார்த்து வந்தது. ஆற்காடு, செய்யாறு பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. உட்கார்ந்திருக்கிற கிழவிக்கும் குழந்தைக்கும் கதை மனப்பாடம். அதனால் அடுத்து என்ன நடக்கும் என்று பார்க்க யாரும் வருவதில்லை. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் இன்றைய விலைவாசியை இழுத்துப் பேசலாம், ஊர்ப் பெரியவரைக் கிண்டல் செய்யலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் துகில் உரியும் ராத்திரி அவிழ்ந்த கூந்தல், துரியோதனன் விழுகிற படுகளத்தன்றுதான் முடியப்பட வேண்டும். நடுவில் எத்தனை ராத்திரி போனாலும் அது அவிழ்ந்தேதான் இருக்கும். அங்கே மண்ணால் செய்த துரியோதனன் கிடக்க, திரௌபதி கூந்தலை முடிகிற நேரத்தில் ஊரே ஏன் அழுகிறது? அத்தனை நாளும் அதைச் சுமந்திருக்கிறார்கள். மாற்றலாம், சேர்க்கலாம், சிரிக்க வைக்கலாம். பட்ட காயத்தை மட்டும் மறக்கக் கூடாது.

சரி, இதை வைத்துப் பென் டென்னைப் பார்ப்போம். 2005-ல் தொடங்கிய பழைய தொடரில் இது தாராளமாக இருந்தது. பத்து வயதுப் பையன், ஒன்றுவிட்ட சகோதரி க்வென், தாத்தா மேக்ஸ், மூவரும் பழைய வண்டி ஒன்றில் கோடை விடுமுறைக்குக் கிளம்புகிறார்கள். வானத்திலிருந்து விழுந்த கடிகாரம் அவன் கையில் மாட்டிக்கொள்கிறது. அதைத் தட்டினால் அவன் வேற்றுக்கிரக உருவமாக மாறுவான். அதில் இருக்கும் உருவங்களில் கோஸ்ட்ஃப்ரீக் என்ற ஆவி, கடிகாரத்தை விட்டே தப்பித்து வெளியே வந்து அவனையே வேட்டையாடும். அதற்கப்புறம் அந்த உருவம் அவன் கைக்கு எட்டாது. இழந்தால் இழந்ததுதான். கெவின் என்ற பையன் நண்பனைப் போல வந்து, பகையாளியாகி, பிறகு உருக்குலைந்த உடம்போடு திரும்பி வருவான். பென் செய்ததற்கு ஒரு விலை இருந்தது.

2016-ல் வந்ததில், தொடங்கும்போதே கடிகாரம் கையில் இருக்கிறது. அது கிடைத்த அதிர்ச்சியை நாம் பார்க்கவே இல்லை. ஒரு கதைக்குப் பதினொரு நிமிடம். வில்லன் வருவான், பென் ஏதாவது ஜோக் அடிப்பான், கடிகாரத்தைத் தட்டுவான், வில்லன் போவான். அடுத்த கதையில் எல்லாம் பழையபடி. சின்னப் பிள்ளைகளுக்கு இது வசதி, எங்கே ஆரம்பித்தாலும் புரியும். டீன் டைட்டன்ஸ் என்ற சூப்பர்ஹீரோ தொடரை 2013-ல் டீன் டைட்டன்ஸ் கோ என்று நகைச்சுவையாகத் திருப்பிப் போட்டதும் ஏறக்குறைய இதே வழிதான். பின்னால் வந்த சீசன்களில் கெவினுக்கும் ஒரு எதிர்க் கடிகாரம் கிடைத்து, கொஞ்சம் தொடர்ச்சி வருகிறது. அந்தப் பகுதியை நாங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பார்த்தோம். அதனால் மொத்தத் தொடருக்கும் சேர்த்துத் தீர்ப்பு சொல்ல எனக்கு உரிமை இல்லை.

டக்டேல்ஸுக்கு வருகிறேன். 1987-ல் வந்த தொடரில் டோனால்ட் டக் கடற்படையில் சேர்கிறார், தான் வளர்க்கும் மூன்று பையன்களைத் தன் மாமா ஸ்க்ரூஜிடம் விட்டுப் போகிறார், அவ்வளவுதான். இந்தப் பையன்களின் அம்மா எங்கே? யாரும் கேட்கவில்லை. மூவருக்கும் சட்டை நிறம்தான் வித்தியாசம், பேசியதும் ஒரே நடிகை. ஸ்க்ரூஜை ஓவியர் கார்ல் பார்க்ஸ் உருவாக்கியது 1947-ல். பையன்களோ அதற்கும் மூத்தவர்கள். இத்தனை காலமும் அந்த அம்மாவின் இடம் பெரும்பாலும் காலியாகவே கிடந்தது.

புதிய தொடர் அந்தக் காலி இடத்தில்தான் கால் வைக்கிறது. டோனால்ட் இந்தப் பிள்ளைகளுக்குச் சொந்தத் தாய்மாமன். அவர்களின் அம்மா டெல்லாவோடு கூடப் பிறந்த இரட்டை. டோனால்டும் ஸ்க்ரூஜும் பத்து வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. முதல் கதையின் முடிவில் ட்யூயி ஒரு பழைய ஓவியத்தில் அம்மாவின் உருவத்தைக் கண்டுபிடிக்கிறான். அதிலிருந்து அந்தக் கேள்வி ஒவ்வொரு சாகசத்துக்கும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இப்போது மூவரும் மூன்று ஆட்கள்: ஹ்யூயி கையேட்டைப் பிரிக்காமல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான், ட்யூயி யோசிக்காமல் குதிப்பான், லூயி எதிலும் காசு பார்ப்பான்.

முதல் சீசன் முடியப்போகும் நேரத்தில் ஒரு எபிசோடு. விமானம் ஒரு மலை முனையில் சிக்கி, ஆள் நகர்ந்தால் சரிந்துவிடும் நிலையில் நிற்கிறது. அந்த இடத்தில், அந்தரத்தில், உண்மை வெளியே வருகிறது. டெல்லாவுக்காக ஸ்க்ரூஜ் ஒரு ராக்கெட் கட்டினார். அவள் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனாள், விண்வெளிப் புயலில் காணாமல் போனாள். தேடித் தேடி அவர் பெரும் சொத்தைக் கரைத்தார். பிள்ளைகளுக்கு அது போதவில்லை. பழியை அவர்மேல் போட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். கடைசியில் அந்தப் பெரிய மாளிகையில் ஸ்க்ரூஜ் மட்டும் தனியாக. எபிசோடு முடிந்தபோது இங்கே இரண்டு வாண்டுகளும் சத்தமே போடவில்லை. என் மகள் மட்டும், “ப்பா, தாத்தா பாவம்தானே? ஆனா அவங்க கேட்டதும் சரிதானே?” என்றாள். பதினொரு நிமிடத்தில் துடைத்துவிடுகிற தொடரில் இந்தக் கேள்வி பிறக்காது.

இரண்டாவது சீசனில் டெல்லா நிலவில் உயிரோடு இருந்த பத்து வருடத்தைக் காட்டுகிறார்கள். காலை இழந்து இயந்திரக் கால் பொருத்திக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பாட வேண்டிய தாலாட்டை அங்கிருந்தே பாடுகிறாள். ஆங்கிலம் தெரியாத என் அம்மா அந்த ஒன்றுக்காக வந்து உட்கார்ந்தார். அதன்பிறகு தினமும் பிள்ளைகளிடம், “அவ இன்னும் நிலாவுலயேதான் கெடக்கறாளா?” என்று விசாரிப்பு. “இல்ல ஆயா, ராக்கெட்ட ரிப்பேர் பண்றாங்க” என்று அக்கா மகன் பதில் சொல்வான்.

எனக்கு இன்னும் பிடித்தது அவள் திரும்பி வந்தபிறகு நடப்பது. எல்லாம் சுபம் என்று மூடிவிடவில்லை. அம்மாவாக இருக்கவே அவளுக்குத் தெரியவில்லை. லூயி செய்த காரியத்தால் குடும்பமே ஆபத்தில் மாட்டியதும் அவனைத் தண்டிக்கிறாள், அவனும் முறைத்துக்கொள்கிறான். பத்து வருடம் இல்லாமல் போனதற்கு இதுதான் விலை என்று தொடர் விடாமல் சொல்கிறது.

குறையும் உண்டு. வசனம் வேகம், ஸ்க்ரூஜின் ஸ்காட்லாந்து உச்சரிப்பு பிள்ளைகளுக்குப் பிடிபட நாளாகும். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பார்த்தோம், அடிக்கடி நிறுத்தி விளக்க வேண்டியிருந்தது. மூன்றாவது சீசனில் டார்க்விங் டக், டேல்ஸ்பின் என்று டிஸ்னியின் பழைய கார்ட்டூன்களை வரிசையாக உள்ளே கொண்டுவருகிறார்கள். அவற்றைப் பார்க்காத பிள்ளைக்கு யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் பென் டென் மேல். மொழி புரியாவிட்டாலும் சண்டை புரியும்.

மற்றவற்றில், ஷீ-ரா என் அளவுகோலில் நன்றாகவே தேறுகிறது. தோழிகளான அடோராவும் கேட்ராவும் தொடக்கத்தில் பிரிகிற பிரிவு ஐந்து சீசனுக்கும் போகிறது. எக்ஸ்-மென் 97 வேறு வகை. 1997-ல் நின்ற கதையையே 2024-ல் அப்படியே தொடர்ந்தார்கள். எனக்குப் பிடித்தது, ஆனால் பழைய தொடரை நான் துண்டு துண்டாகத்தான் பார்த்தவன். அதில் ஊறியவர்களுக்கு இருக்கும் கனம் எனக்குக் கிடைக்கவில்லை. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கே அது சரிப்படும், சாவும் அழிவும் நேராகவே வருகின்றன.

ஆறேழு வயதுக்குள் இருக்கும் பிள்ளை, சாப்பாட்டு நேரத்துக்கு ஒன்று போதும் என்றால் புது பென் டென்னே போடுங்கள். எட்டு வயதைத் தாண்டியிருந்தால் டக்டேல்ஸ். முதல் கதையிலிருந்து வரிசையாகப் போடுங்கள், நடுவில் எதையும் தாண்டாதீர்கள், முடிந்தால் கூடவே உட்காருங்கள். சண்டை வேண்டும் என்று அடம்பிடிக்கிற பையனுக்கு 2005-ல் வந்த பழைய பென் டென் இருக்கிறது. அக்கா மகனுக்கு அடுத்த லீவுக்கு அதுதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.