ஏழு வருஷமாக ஒரு ஸ்டீராய்டு களிம்பு: 'மெல்லியதாக' என்றால் எவ்வளவு?

போன வாரம் சித்தி மகள் போன் செய்தாள். "அக்கா, உங்க காலுக்கு ஒரு ஆயின்ட்மென்ட் போடுவீங்களே, அது பேரு என்ன? பையனுக்குத் தொடையிடுக்குல படர்தாமரை. ராத்திரியெல்லாம் சொறியுறான்." நான் பெயரைச் சொல்லவில்லை. அவளுக்கு வருத்தம். ஏன் சொல்லவில்லை என்று போனில் முழுசாக விளக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த மருந்துக்கு உரிய நியாயம். என் இடது கணுக்காலுக்கு மேலே ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தடித்துக் கறுத்து யானைத் தோல் மாதிரி ஆகியிருந்தது. அரிக்க அரிக்கச் சொறிந்து, சொறியச் சொறிய அரித்து, வருஷக்கணக்கில் வந்த வினை. டாக்டர் எழுதித் தந்தது குளோபெட்டசால் 0.05 சதவீதம். சதவீதத்தைப் பார்த்துச் சாதாரணம் என்று நினைக்க வேண்டாம், தோலில் தடவும் ஸ்டீராய்டுகளிலேயே வீரியம் மிகுந்த வகுப்பு இதுதான். மூன்றாவது இரவு நான் விடிய விடியத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தின் அருமை அரிப்பில் கிடந்தவர்களுக்குத்தான் தெரியும். பத்தே நாளில் தடிப்பு பாதியாகக் குறைந்தது. இந்த வேகத்தில் வேலை செய்த வேறு மருந்தை நான் பார்த்ததில்லை.

என் கோபமெல்லாம் ஒரு வார்த்தை மேல். 'மெல்லியதாகத் தடவவும்.' சீட்டிலும் அதுதான், மருந்துக் கடையிலும் அதுதான். டியூபோடு வரும் தாளில் எறும்பு எழுத்து ஆங்கிலத்திலும் அதுதான். எவ்வளவு மெல்லிசு? தோசைக்கு எண்ணெய் விடுகிற மாதிரியா, நெற்றிக்குத் திருநீறு பூசுகிற மாதிரியா? யாரும் சொல்லவில்லை. நான் பெருவிரல் நகம் அளவு எடுத்து, புண்ணைத் தாண்டி நாலு விரற்கடை தூரம் தேய்த்தேன். 30 கிராம் டியூப் ஒரே மாதத்தில் தீர்ந்தது.

சரியான அளவு இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடு பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு, விரல்களையும் சேர்த்து, அது போதும். எனக்கு ஒரு உள்ளங்கை அளவு இடம், இரவு ஒரு வேளை. ஆகவே கால் கிராம். பதினான்கு நாளுக்கு மூன்றரை கிராம். ஒரு டியூப் எட்டுச் சுற்றுக்கு வந்திருக்க வேண்டும்.

அடுத்த தப்பு, நிறுத்தாதது. இந்த வகை மருந்தைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் போடக் கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டவும் கூடாது. அதிகமாகப் போனால் ரத்தத்தில் கலந்து, உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டையே குறைத்துவிடும். நானோ அரிப்பு திரும்பும்போதெல்லாம் பழைய சீட்டோடு கடைக்குப் போனேன், சில நாள் சீட்டே இல்லாமல். ஒரு தடவைகூடக் கேள்வி வரவில்லை. 2018-ல் மத்திய அரசு 14 தோல் ஸ்டீராய்டுகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அப்புறமும் என் தெருமுனைக் கடையில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

ஒருநாள் குளித்துவிட்டுத் துண்டால் துடைத்தபோது கணுக்காலுக்கு மேலே ஊதா நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது. எங்கேயும் இடித்துக்கொண்ட ஞாபகம் இல்லை. வேறொரு டாக்டர் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துக் காட்டினார். புண்ணைச் சுற்றியிருந்த நல்ல தோல் பூண்டுத் தோல் மாதிரி மினுமினுத்தது. இரண்டு விரலால் லேசாகக் கூட்டினால் பொடிப்பொடிச் சுருக்கம். அதற்குள் நூல் நூலாகச் சிவப்பு நரம்புகள், ஓரத்தில் வெளுப்பு. புண் இல்லாத இடத்தில் நானே தேய்த்துத் தேய்த்து வரவழைத்தது. நிறுத்திய பிறகு கொஞ்சம் தேறியிருக்கிறது, அந்த நரம்புகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

இப்போது இதைத் தொடையிடுக்கில் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அங்கே தோல் மெல்லிசு, வியர்வை, மடிப்பு, மேலே இறுக்கமான உள்ளாடை. 1967-ல் அளந்து பார்த்த ஒரு ஆய்வில், முன்கையில் உறிஞ்சப்படுவதைப் போல் தாடையில் 13 மடங்கும், விதைப்பைத் தோலில் 42 மடங்கும் ஸ்டீராய்டு உள்ளே போயிருக்கிறது. தொடையிடுக்கில் வரிவரியாகத் தோல் பிளந்தால் அந்தத் தழும்பு போகவே போகாது. முகத்துக்கும் கண் இமைக்கும் இதே பயம்தான். இமையில் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் ஏறலாம்.

அதைவிடப் பெரிய விஷயம், படர்தாமரை ஒரு பூஞ்சை. சிவப்பும் அரிப்பும் அதை எதிர்த்து உடம்பு போடுகிற சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையைத்தான் அடக்குகிறது, பூஞ்சையைத் தொடுவதில்லை. அரிப்பு அடங்கியதும் குணமாகிவிட்டது என்று நினைப்போம், பூஞ்சை கேட்பாரில்லாமல் பரவும். வட்டத்தின் விளிம்புகூட அழிந்து, டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகும். ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து எல்லாம் கலந்த டியூப்களும் கடையில் உண்டு. உறையில் குளோபெட்டசால், பெக்ளோமெத்தசோன், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு.

இதைப் படித்துவிட்டு, குழந்தையின் கரப்பானுக்கு டாக்டர் தந்த லேசான ஹைட்ரோகார்ட்டிசோனை யாரும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ஸ்டீராய்டு என்ற பேருக்குப் பயந்து, பிள்ளையை ரத்தம் வரச் சொறியவிட்ட வீட்டையும் பார்த்திருக்கிறேன். அதுவும் கொடுமைதான்.

இப்போது என் வழக்கம்: தோல் முரண்டு பிடித்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு, காலண்டரில் கடைசித் தேதியை வட்டம் போட்டுவிட்டுத்தான் டியூபைத் திறப்பேன். மற்ற நாளெல்லாம் வெள்ளை வாஸ்லின், ராத்திரி சாக்ஸ், ஒட்ட வெட்டிய நகம். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். ஆனால் டாக்டரைப் பார்க்காமல் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ள என்று யார் கேட்டாலும் பெயரைச் சொல்ல மாட்டேன்.

சித்தி மகள் நேற்று மறுபடி கூப்பிட்டாள். பையன் ஏற்கெனவே ஹாஸ்டல் பக்கத்துக் கடையில் ஏதோ வாங்கி மூன்று வாரமாகப் போடுகிறானாம். நாளைக் காலை தோல் டாக்டரிடம் கூட்டிப் போகிறாள். அந்தப் பிதுக்கிய டியூபையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.