.22 ரைஃபிள் போல்ட்: தேய்வது எது, நிற்பது எது

சில வருடங்களாக 50 மீட்டர் புரோனுக்கு (படுத்தபடி சுடும் போட்டி) ஒரே .22 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளைத்தான் வைத்திருக்கிறேன். போல்ட் என்பது குழலின் பின்வாயை அடைக்கும், கையால் இழுத்துத் தள்ளும் உருளை. போல்ட்டின் உடம்பில் தேய்மானம் என்று சொல்ல எதுவுமே இல்லை. .22 எல்ஆர் தோட்டாவுக்கு அதிகபட்ச அழுத்தமே 24,000 பிஎஸ்ஐதான் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு); பெரிய .308 ரைஃபிள் தோட்டாவுக்கு 62,000. வம்பு செய்வதெல்லாம் நகக்கண் அளவுப் பாகங்கள்.

முதலில் மழுங்கியது எக்ஸ்ட்ராக்டர். சுட்டபின் மிஞ்சும் காலி கேஸின் (தோட்டாக் கூட்டின்) ரிம்மை, அதாவது அடி விளிம்பைக் கவ்வி இழுக்கும் கொக்கி அது. ரிம்மின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் என்பதால் கொக்கியின் விளிம்பு கொஞ்சம் உருண்டாலே பிடி நழுவும். தோட்டாவின் மெழுகும் கரியும் சேரச்சேர கேஸ் சேம்பரிலேயே (குழலில் தோட்டா உட்காரும் அறை) தங்க ஆரம்பித்தது. சேம்பரைத் துடைத்தும் தீரவில்லை. லென்ஸில் பார்த்தால் விளிம்பு மொழுமொழுவென்று இருந்தது, பக்கவாட்டில் அச்சுக்கோடு. எம்ஐஎம் பாகம்: உலோகத்தூளைப் பிசினோடு பிசைந்து, முறுக்கு மாவு மாதிரி அச்சில் அழுத்தி, பிறகு சூளையில் இறுக்குவார்கள்.

முழுப் பழியையும் எம்ஐஎம் மேல் போட மாட்டேன். ஹீட் ட்ரீட்மென்ட் (சூடாக்கிக் கடினமாக்குவது) சொதப்பினால் கடைந்தெடுத்த எஃகும் இப்படித்தான் மழுங்கும். அளவுக்கு மீறிக் கடினமாக்கினால் உடையும். இதே ரைஃபிளின் ஃபயரிங் பின்னும் (தோட்டாவை இடித்து வெடிக்க வைக்கும் ஊசி) எம்ஐஎம்தான், நுனி இன்னும் அப்படியே இருக்கிறது. வெறும் சேம்பரில் ட்ரிகரை அழுத்தாமல் பிளாஸ்டிக் டம்மி போட்டுப் பழகுவதும் ஒரு காரணம். ரிம்மில் இடிபட்டு வெடிக்கும் .22 மாதிரி ரிம்ஃபயரில், தோட்டா இல்லாவிட்டால் ஊசி நேராகச் சேம்பர் விளிம்பில் போய் இடிக்க வாய்ப்புண்டு.

மாற்றிப் போட்டது கடைந்த எஃகு எக்ஸ்ட்ராக்டர். விலை கூடுதல்தான், ஆனால் விளிம்பு இன்றும் கூர்மை. அம்பத்தூரில் இதைவிட நுணுக்கமான வேலை செய்யும் லேத்காரர்கள் உண்டு. அங்கே கொண்டுபோகலாம் என்ற ஆசை மட்டும் வேண்டாம். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கிப் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். டீலரிடம் கொடுத்துக் காத்திருப்பதுதான் வழி.

நம்மூரில் தேய்மானத்தைவிடத் துரு சீக்கிரம் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபோம் பெட்டி ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே செம்பழுப்புப் பொடி தெரியும். எண்ணெயை ஊற்றினால் கரியோடு சேர்ந்து களிம்பாகிவிடுகிறது. மெல்லிசாகத் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்டு, போல்ட்டைத் தனியாக வைப்பதே எனக்குச் சரிப்பட்டது.

எக்ஸ்ட்ராக்டர் ஆர்டர் பண்ணும்போது ஸ்பிரிங்கையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். புதுக் கொக்கிக்குப் பழைய ஸ்பிரிங் போட்டால், ரிம்மை அழுத்திப் பிடிக்க அதில் வலு இருக்காது.