சக்கர நாற்காலி ஊஞ்சலா, கூடை ஊஞ்சலா? எல்லாக் குழந்தைகளுக்கும் பூங்கா அமைக்கும்போது எதை வாங்குவது

ஒரு பூங்காவில் புதிதாகச் சக்கர நாற்காலி ஊஞ்சல் வந்திருக்கிறது, நாற்காலியோடே ஏறி ஆடலாம் என்று கேள்விப்பட்டு, சக்கர நாற்காலியில் இருக்கும் அக்கா மகனை அழைத்துப் போனேன். வாசலிலிருந்து ஊஞ்சல் வரை மணல். பத்தடி போவதற்குள் முன்சக்கரம் இரண்டும் புதைந்துவிட்டன. "மாமா, திருப்பிப் பின்னாடி இழுங்க" என்றான், பழக்கப்பட்டவன். நாற்காலியைச் சாய்த்து, பெரிய சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், ஊஞ்சலைச் சுற்றி வேலி, வேலிக்குப் பூட்டு. சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார்.

இப்போது பூங்கா அமைப்பவர்கள் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், ஊஞ்சலைப் பற்றிப் பேசுவதற்கு முன் தரையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

மணல் மலிவு. விழுந்தாலும் தாங்கும், போதிய ஆழம் இருந்தால். 4 அடி உயரத்திலிருந்து விழுவதற்கு 9 அங்குல மணல் வேண்டும் என்கிறது அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு. நம் ஊர்ச் சறுக்கின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். பல இடங்களில் இரண்டு அங்குலத்தில் கட்டாந்தரை தட்டும். சக்கரம், ஊன்றுகோல், வாக்கர் எதற்கும் மணல் ஆகாது. பேவர் பிளாக்கில் சக்கரம் ஓடும், ஆனால் விழுந்தால் மண்டை தாங்காது. பாதைக்குச் சரி, ஊஞ்சலுக்கு அடியில் கூடவே கூடாது.

மிச்சம் ரப்பர். அதிலும் இரண்டு ரகம். ஓடு ஓடாக ஒட்டுவது விலை குறைவு, கெட்டுப்போனதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வெயிலில் பசை விட்டு ஓரம் நிமிர்ந்தால், சின்ன முன்சக்கரத்துக்கு அதுவே ஒரு படி. டயர்த் துகளை மெத்தையாகக் கொட்டி, மேலே ஈபிடிஎம் என்கிற வண்ணத் துகளைப் பரப்புவது இன்னொரு ரகம். மூட்டு இருக்காது, விலை அதிகம், அடித்தளம் சரியில்லை என்றால் வெடிக்கும். என் ஓட்டு இதற்குத்தான், அதுவும் சாதனங்களின் அடியிலும் அவற்றுக்குப் போகும் வழியிலும் மட்டும். பூங்கா முழுக்கப் பரப்பிவிட்டால் சாயங்காலம் நான்கு மணிக்குக்கூடச் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது.

அதற்காக மணலைத் துரத்திவிட வேண்டாம். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு மணலை அள்ளி விரலிடுக்கில் ஒழுக விடுவதுதான் விளையாட்டே. அடியில் முழங்கால் நுழைகிற உயரத்தில் ஒரு மணல் மேசை கட்டினால், நாற்காலியில் இருக்கிற பிள்ளையும் அதில் சேர்ந்துகொள்ளும்.

அப்புறம் சறுக்கு. மேலே போவது எப்படி என்பதற்கு மூன்று வழிகள். முதலாவது சாய்தளம். 12-க்கு 1 சரிவில் 1.2 மீட்டர் மேடைக்கு ஏற 14.4 மீட்டர் ஓட்டம் வேண்டும். ஒவ்வொரு 30 சென்டிமீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு சமதளம் என்ற அமெரிக்க விதியையும் சேர்த்தால் 19 மீட்டருக்குக் கிட்டப் போகும். இவ்வளவு இரும்பும் கைப்பிடியும் போட்டு மேலே ஏறிய பிள்ளை சறுக்கிக் கீழே வந்துவிடுகிறது. நாற்காலி மேலேயே நிற்கிறது! இரண்டாவது வழி, நாற்காலியின் இருக்கை உயரத்தில் ஒரு மேடை. அதில் மாறி உட்கார்ந்து, கையை ஊன்றிப் படிப்படியாக ஏறுவது. செலவு குறைவு, இடம் குறைவு. ஆனால் கையில் பலமுள்ள பிள்ளைக்கு மட்டும்தான் சரிப்படும்.

மூன்றாவது, எனக்குப் பிடித்தது: மண்மேடு. மேட்டின் சரிவிலேயே சறுக்கைப் பதித்துவிட்டால் விழுவதற்கு உயரமே இல்லை. 20-க்கு 1 சரிவில் பாதை வளைந்து வளைந்து ஏறும். நாற்காலி இல்லாத பிள்ளைகள் உருண்டு விளையாடவும் அதே மேடு ஆகும். மண்ணை இறுக்காமல், அருகம்புல் பிடிக்க விடாமல் திறந்து வைத்தால் ஐப்பசி மழையில் கரைந்து ஓடும். சின்ன இடத்தில் இது நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சறுக்கின் பலகை எதில் செய்வது என்பதில்தான் யாரோ ஒருவருக்குக் கஷ்டம் வந்தே தீரும். எவர்சில்வர் சறுக்கு கொதிக்கும். தண்டுவடப் பாதிப்பால் காலில் உணர்ச்சியில்லாத பிள்ளைக்குச் சுடுவதே தெரியாது. வீட்டுக்குப் போன பிறகுதான் அம்மா கொப்புளத்தைப் பார்ப்பாள். பிளாஸ்டிக்கும் வெயிலில் சுடத்தான் செய்யும். போதாததற்கு, உரசலில் நிலைமின்சாரம் உண்டாகும். காது கேட்பதற்காக அறுவைச் சிகிச்சை செய்து காக்ளியர் கருவி வைத்த பிள்ளைகளுக்கு அது தொந்தரவு. சறுக்குவதற்கு முன் காதுக்கு வெளியே உள்ள பாகத்தைக் கழற்றச் சொல்வதுண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டிலேயே அந்த அறுவைச் சிகிச்சை நடப்பதால், இங்கே இது தள்ளிவிடக்கூடிய விஷயமில்லை.

என் முடிவு எவர்சில்வர், ஆனால் நிழலில். சறுக்கை வடக்கு பார்த்து வையுங்கள் என்று மேல்நாட்டுக் கையேடுகள் சொல்லும். அது அவர்கள் ஊர்ச் சூரியனுக்கு. கத்திரியில் சென்னையின் உச்சிச் சூரியன் தலைக்கு மேலே, கொஞ்சம் வடக்கே தள்ளித்தான் நிற்கும். திசை கைகொடுக்காது; புங்கமரம் கொடுக்கும். மரம் வளரும்வரை ஒரு நிழல்வலை.

இப்போது ஊஞ்சல். ஆஸ்திரேலியாவில் உருவான லிபர்ட்டி ஊஞ்சலில் பிள்ளை நாற்காலியோடு ஏறி ஆடலாம். கனமான மேடை வேகமாக ஆடுவதால் குறுக்கே ஓடும் பிள்ளை மேல் மோதினால் ஆபத்து. அதனால் வேலி, அதனால் பூட்டு. உள்ளே ஒரு பிள்ளை, வெளியே வேடிக்கை பார்க்கும் பத்துப் பிள்ளைகள். கூடை ஊஞ்சல் அப்படியில்லை. வட்டமான வலைக்கூடை, படுத்துக்கொண்டே ஆடலாம், தூளி மாதிரி. அக்கா மகனும் அவன் தங்கையும், யாரென்றே தெரியாத இன்னொரு பையனும் ஒரே கூடையில் கால் கால்மேல் பின்னிக்கொண்டு கத்தியதை வேறோர் ஊரில் பார்த்தேன். யார் நடக்கிறவர், யார் நடக்காதவர் என்று தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவில்லை.

கூடையிலும் குறை உண்டு. பிள்ளையைத் தூக்கி வைக்க வேண்டும். ஒன்பது வயதில் நான் தூக்கிவிடுகிறேன். பதினான்கு வயதில், நாற்பத்தைந்து கிலோவில், என் அக்காவால் முடியாது. அவர்களுக்காகத்தான் தரையோடு தரையாகப் பதித்த ராட்டினம். நாற்காலியை அப்படியே உருட்டி ஏற்றலாம், மற்ற பிள்ளைகள் பக்கத்தில் நின்று சுற்றலாம். அடியில் உள்ள குழிக்கு வடிகால் வைக்க மறந்தால் கார்த்திகையில் அது கிணறு. பணம் குறைவு என்றால் வாங்கும் வரிசை என் கணக்கில் இப்படி: தரை, நிழல், கூடை ஊஞ்சல், ராட்டினம். சக்கர நாற்காலி ஊஞ்சல் கடைசி, சாவி வைத்திருக்க ஆள் இருந்தால்.

இதெல்லாம் டெண்டர் வேலை, மாதக்கணக்கில் ஆகும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பைக் நுழையாமல் இருக்க வாசலில் வளைத்து வளைத்து இரும்புக் குழாய் நட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். எங்கள் நாற்காலி முதலில் முட்டி நின்றது அதில்தான். ஒரு வெல்டர் வந்தால் அரை நாள் வேலை.